கென்யாவில் நாட்டார் இசையை ஒலிப்பதிவு செய்ய: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நல்ல ரெக்கார்டரும் விமான டிக்கெட்டும் கையில் இருந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் பலரும் கிளம்புகிறார்கள். கிசுமுவில் இறங்கிய சில நாளிலேயே சிக்கல் தொடங்கிவிடும். உரிமம் எங்கே என்று அலுவலகத்தில் கேட்பார்கள். யாரைக் கேட்டு வந்தீர்கள் என்று ஊரில் கேட்பார்கள். எல்லாம் கூடிவந்து பதிய உட்கார்ந்தால் தகரக் கூரையில் மழை கொட்டும். கீழே சொல்லியிருப்பதை அதே வரிசையில் செய்யுங்கள். ஒரு காகிதம் இன்னொன்றை நம்பி நிற்பதால் வரிசை மாறினால் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

எல்லாமே மேற்குக் கென்யாவை, அதாவது சியாயா, கிசுமு, ககமேகா, கிசீ பக்கத்தை மனதில் வைத்து எழுதியது. உகாண்டாவிலும் தான்சானியாவிலும் மாறுபடுவதைக் கடைசியில் சொல்லியிருக்கிறேன். கட்டணங்கள் அடிக்கடி மாறும். பணம் கட்டுமுன் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. எதை, எங்கே, எந்த மாதத்தில்

“கென்ய நாட்டார் இசை” என்று எழுதிக்கொண்டு போனால் எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தராது. ஒரு மக்கள், ஒரு இசைக்கருவி, ஒரு மாவட்டம் என்று குறுக்கிக்கொள்ளுங்கள். லுவோ மக்களின் எட்டு நரம்பு நியாத்தீத்தி வேண்டுமானால் சியாயா, ஹோமா பே. ஒற்றை நரம்பு ஓருத்துவும் அதே பக்கம்தான். இசுகுட்டி என்ற மூன்று முரசு ஆட்டம் ககமேகா பக்கத்து இசுகா, இடாகோ மக்களுடையது. இது 2014-இல் யுனெஸ்கோவின் அவசரமாகக் காக்கவேண்டிய மரபுகள் பட்டியலில் சேர்ந்தது. நரம்புக் கருவிகளில் இன்னும் இரண்டு: கிசீயில் ஒபொகானோ, புங்கோமாவில் லிதுங்கு.

நீண்ட மழை மார்ச் முதல் மே வரை, குறுமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. விக்டோரியா ஏரிக் கரையில் மற்ற மாதங்களிலும் பிற்பகலில் இடி மழை வரும். ஜனவரி, பிப்ரவரி நல்லது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பரவாயில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆகஸ்ட் இரண்டாம் செவ்வாயன்று பொதுத்தேர்தல் நடக்கும். அடுத்தது 2027 ஆகஸ்ட் 10. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள். இசைக்குழுக்கள் எல்லாம் பிரசாரக் கூட்டங்களில் இருக்கும். மைக்கும் கையுமாக ஊருக்குள் வரும் அந்நியரை யாரும் நம்பவும் மாட்டார்கள்.

2. ஆய்வு உரிமம்: இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்

ஆய்வேடு, ஆவணக்காப்பகம், வெளியீடு என்று எதற்காகப் பதிந்தாலும் நாகோஸ்டி எனப்படும் தேசிய அறிவியல் ஆணையத்தின் உரிமம் வேண்டும். விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான். ஆனால் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே இரண்டு கடிதங்கள் தயாராக இருக்க வேண்டும்.

முதலாவது, உள்ளூர் நிறுவனத்தின் இணைப்புக் கடிதம். வெளிநாட்டவர் கென்ய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்துதான் வேலை செய்ய முடியும். இசைத்துறை உள்ள பல்கலைக்கழகத்தைப் பிடியுங்கள். கிசுமு மாவட்டத்தில் உள்ள மசேனோ பல்கலைக்கழகம் லுவோ பகுதிக்கும், இசுகா, இடாகோ மக்களை உள்ளடக்கிய லுஹ்யா பகுதிக்கும் பக்கம். நைரோபி பக்கம் கென்யாட்டா பல்கலைக்கழகம் இருக்கிறது. துறைத்தலைவருக்கு இரண்டு பக்கத் திட்டக்குறிப்பு அனுப்புங்கள். பதிவின் பிரதி ஒன்றை அவர்கள் துறைக்கே தருவதாக முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு நீங்கள் படித்த பட்டங்களுக்குக் கிடையாது. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். பருவத்தேர்வுக் காலத்தில் எதுவும் நகராது.

இரண்டாவது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். நாகோஸ்டி அங்கீகரித்த குழுவாக இருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் கொடுத்த நெறிமுறைச் சான்று மட்டும் போதாது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். குழு மாதத்துக்கு ஒருமுறை கூடினால், கூட்டத்தை ஒரு நாளில் தவறவிட்டாலும் ஒரு மாதம் போச்சு. ஒப்புதல் படிவத்தின் வரைவை ஆங்கிலத்திலும் சுவாஹிலியிலும், முடிந்தால் உள்ளூர் மொழியிலும் இணையுங்கள். மொழிபெயர்ப்பு இல்லையென்று திருப்பி அனுப்புவது சகஜம்.

இவை வந்தபின் திட்டக்குறிப்பு, பாஸ்போர்ட் பிரதி, புகைப்படம் சேர்த்து நாகோஸ்டியில் ஏற்றிக் கட்டணம் கட்ட வேண்டும். வெளிநாட்டவருக்கும் கிழக்கு ஆப்பிரிக்கக் குடிமக்களுக்கும் கட்டணம் வேறு. மாணவருக்கும் நிறுவனத்துக்கும் வேறு. முதல் மின்னஞ்சலிலிருந்து உரிமம் வரும்வரை குறைந்தது நான்கு மாதம் ஒதுக்குங்கள்.

உரிமம் வந்ததும் அதன் நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். படம் பிடிப்பதற்கு வேறு அனுமதி வேண்டும் என்று அதிலேயே இருக்கும். ஒலியை மட்டும் பதிகிறீர்கள் என்றால் கவலையில்லை. முக்காலியில் வீடியோ கேமரா நின்றால் கதை வேறு, திரைப்பட உரிமம் கேட்பார்கள். விரல் அசைவைக் காட்டக் குறும்படம் வேண்டுமென்றால் அதையும் திட்டக்குறிப்பில் முன்பே எழுதி, எந்த அனுமதி தேவை என்று இணைப்பு நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள்.

3. விசா, ஊசி, சுங்கம்

2024 ஜனவரி முதல் கென்யாவுக்கு விசாவுக்குப் பதில் இணையவழிப் பயண அனுமதி. அடிப்படைக் கட்டணம் 30 டாலர். இதற்கென்றே போலித் தளங்கள் முளைத்து இரண்டு மூன்று மடங்கு வாங்குகின்றன. கென்ய அரசுத் தளங்களின் முகவரி ‘.go.ke’ என்றுதான் முடியும். கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். சுற்றுலா என்று எழுதிவிட்டு ஆய்வு உரிமத்தைப் பையில் வைத்திருப்பது நல்லதல்ல. ஆய்வுக்கென்று குடிவரவுத் துறையின் தனி அனுமதிச்சீட்டு இருக்கிறது. உங்களுக்கு அது தேவையா என்பதை இணைப்பு நிறுவனத்தின் மூலம் உறுதி செய்துகொள்ளுங்கள். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்துத் தரும் 100 டாலர் கிழக்கு ஆப்பிரிக்க விசாவும் சுற்றுலாவுக்கு மட்டும்தான்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போகும்போது தேவைப்படாமல் போகலாம், திரும்பும்போது வேண்டும். கென்யாவிலிருந்து இந்தியாவுக்கு வருகிறவரிடம் சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். இலங்கையும் சான்றிதழ் கேட்கும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எல்லா நாளும் போடுவதில்லை. முன்பதிவு செய்துகொண்டு பாஸ்போர்ட்டோடு போங்கள். ஏரிக் கரை முழுக்க மலேரியா உண்டு. மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுக் கிளம்புமுன்பே தொடங்குங்கள்.

கருவிகளுக்கு ஒரு பட்டியல் தட்டச்சு செய்யுங்கள்: பெயர், மாடல், வரிசை எண், வாங்கிய விலை. மூன்று பிரதி, பில்லோடு. இந்தியாவிலிருந்து கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது வரி கேட்க மாட்டார்கள். இதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைத்தபின் கேட்டால் காட்டப் பொருள் இருக்காது.

பிளாஸ்டிக் பை இன்னொரு பொறி. கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களையும் கேபிள்களையும் கடைக் கவரில் சுற்றி எடுத்துப்போகாதீர்கள். துணிப்பையும் மூடி இறுகும் டப்பாவும் போதும்.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

ரெக்கார்டருக்கு வருவோம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு என்பது ஆவணக்காப்பகங்கள் ஏற்கும் குறைந்த அளவு. 96 கிலோஹெர்ட்ஸ் இன்னும் நல்லது. எம்பி3-யில் மட்டும் பதிந்துகொண்டு வராதீர்கள். 32 பிட் ஃப்ளோட் வசதி உள்ள ஜூம் எஃப்3 போன்ற சிறு ரெக்கார்டர் புதியவருக்கு ஏற்றது, ஒலியளவைத் தவறாக வைத்தாலும் பிறகு சரிசெய்யலாம். ஆனால் அந்த வசதி மைக்கைக் காப்பாற்றாது. இசுகுட்டி முரசின் பக்கத்தில் வைத்த மைக்கே திணறினால், உடைந்த ஒலிதான் ரெக்கார்டருக்குப் போகும். அதை எந்தப் பிட்டும் ஒட்டவைக்காது. மைக் வாங்கும்போது தாங்கும் உச்ச ஒலி 130 டெசிபெல்லுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே மாதிரிச் சிறிய கண்டென்சர் மைக் இரண்டு, உரோமக் காற்றுத்தடுப்பு இரண்டு, இரண்டையும் பொருத்தும் ஸ்டீரியோ பட்டை, 2 மீட்டருக்கு மேல் உயரும் ஸ்டாண்டு, மூன்று எக்ஸ்எல்ஆர் கேபிள் (ஒன்று உபரி), காதை முழுக்க மூடும் ஹெட்போன். காற்றுத்தடுப்பை மிச்சம்பிடித்துவிட்டு விலை உயர்ந்த மைக் வாங்குவது வீண். ஏரிக்காற்றில் வெறும் ஸ்பாஞ்சு நிற்காது.

மெமரி கார்டு கணக்கு: 24 பிட், 48-இல் ஸ்டீரியோ ஒரு மணி நேரம் ஏறத்தாழ 1 ஜிபி. 32 பிட் ஃப்ளோட் என்றால் 1.4 ஜிபி. அதையே 96-இல் பதிந்தால் இரட்டிப்பு. 128 ஜிபி கார்டு ஒன்றை விட 32 ஜிபி கார்டு நான்கு நல்லது. ஒன்று கெட்டாலும் ஒரு நாள் வேலையோடு போகும். கார்டைக் கணினியில் அல்ல, ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ரீசார்ஜ் பேட்டரிகள் இரண்டு செட்டும் 20,000 எம்ஏஎச் பவர்பேங்கும் எடுங்கள். அது 74 வாட்-மணிதான், கைப்பையில் விமானத்தில் ஏற்றலாம். சரக்குப் பெட்டியில் கூடாது. சில பவர்பேங்குகள், ரெக்கார்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் போன் சார்ஜ் முடிந்துவிட்டதாக எண்ணிச் சில நிமிடத்தில் தானே அணைந்துவிடும். வீட்டிலேயே இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கண்டென்சர் மைக்குக்குக் கொடுக்கும் 48 வோல்ட் பேட்டரியை விறுவிறுவென்று தின்னும், பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்தில் பாதியைத்தான் நம்ப வேண்டும். சுவரில் 240 வோல்ட், மூன்று சதுரக் காலுள்ள பிரிட்டிஷ் பிளக்.

5. ஊருக்குள் நுழையும் வரிசை

உரிமத்தோடு முதலில் மாவட்டத் தலைநகரில் ஆளுநர் அலுவலகத்துக்கும் மாவட்ட ஆணையர் அலுவலகத்துக்கும் போய் வந்திருப்பதைத் தெரியப்படுத்துங்கள். அங்கேயே பண்பாட்டு அலுவலரைப் பார்த்துவிட்டால் பதிவு செய்த இசைக்குழுக்கள் யார் யார் என்று தெரியும். அடுத்து சீஃப் எனப்படும் அந்த வட்டாரத்தின் அரசு அதிகாரி, அவருக்குக் கீழ் துணை சீஃப், கடைசியில் ஊர்ப் பெரியவர். யாரையும் தாண்டிப் போகாதீர்கள். சீஃபைப் பார்க்காமல் நேரே பாடகர் வீட்டுக்குப் போனால், நீங்கள் கிளம்பிய பிறகு பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பாடகர்தான்.

போகும்போது உரிமப் பிரதிகள் பத்தாவது இருக்கட்டும். ஒவ்வொரு மேசையிலும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். எங்காவது கட்டணம் கேட்டால் ரசீது கேளுங்கள், பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எல்லாக் கும்பிடும் முடிய இரண்டு மூன்று வேலைநாள் ஆகும்.

உடன் ஒருவர் வேண்டும்: மொழி தெரிந்தவர், ஊர்க்காரர், ஆனால் இசைக்குழுவில் இல்லாதவர். குழுவில் உள்ளவரே மொழிபெயர்த்தால் அவர் குழு மட்டும்தான் ஊரில் பாடுகிறது என்றாகிவிடும். அவருக்குத் தினக்கூலியை எழுதிப் பேசிக்கொள்ளுங்கள்.

6. பணம்

பதிவு தொடங்குமுன் தொகையை எல்லோர் முன்னாலும் பேசி முடிக்க வேண்டும். கணக்கில் நான்கு பகுதி: பாடியதற்கான தொகை, போக்குவரத்து, சாப்பாடு, அன்று வயலிலோ கடையிலோ போன கூலி. இசுகுட்டிக் குழு என்றால் பதினைந்து பேருக்குக் குறையாமல் வருவார்கள். தலைவர் கையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதுதான் புதியவர்கள் அதிகம் செய்வது. இரண்டாம் நாள் மீதிப்பேர் வர மாட்டார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து, பெயர் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கித் தனித்தனியாகக் கொடுங்கள். என்ன தொகை நியாயம் என்பதைப் பண்பாட்டு அலுவலரிடமும், பல்கலைக்கழகத்தில் அதே பகுதியில் வேலை செய்தவரிடமும் கேளுங்கள். மிகவும் அதிகமாகக் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்து வரும் உள்ளூர் மாணவருக்கு அந்தக் குழு எட்டாக்கனி.

போன்வழியே பணம் அனுப்பும் எம்-பெசா சேவையை ஏறத்தாழ எல்லோரும் வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டி சஃபாரிகாம் சிம் வாங்கினால் நீங்களும் அனுப்பலாம். வரும் எஸ்எம்எஸ்ஸே ரசீது. பணத்தை ஏஜென்ட்டிடம் எடுக்கக் கட்டணம் உண்டு. அதையும் சேர்த்து அனுப்புவதுதான் அங்கே மரியாதை. சோடா வாங்கி வைப்பது வழக்கம். கண்ணாடிப் பாட்டில்களைப் பதிவு முடியும்வரை திறக்காதீர்கள். கிணுக்கிணு என்று பாட்டு முழுக்கக் கேட்கும்.

7. ஒப்புதல்: ஒரு கையெழுத்து போதாது

மரபறிவையும் பண்பாட்டு வெளிப்பாடுகளையும் காக்கும் சட்டம் கென்யாவில் 2016-இல் வந்தது. பாட்டு சமூகத்துக்குச் சொந்தம். முன்கூட்டியே விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். பாடகருக்குத் தன் நிகழ்த்தலின் மீது தனி உரிமையும் உண்டு. ஆகவே ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒன்று, ஒவ்வொரு பாடகரிடமும் ஒன்று என இரண்டும் வேண்டும்.

படிவத்தில் நான்கு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: காப்பகத்தில் வைக்கலாமா, வகுப்பில் போடலாமா, இணையத்தில் ஏற்றலாமா, விற்கும் பொருளில் சேர்க்கலாமா. ஒன்றுக்கு ஆமென்றால் நான்குக்கும் ஆமென்று அர்த்தமில்லை. படிவத்தை வாய்விட்டு அவர்கள் மொழியில் படித்து, அந்த உரையாடலையும் ரெக்கார்டரில் பதியுங்கள். வயதானவர் என்றால் அவருக்குப் பின் யாரைக் கேட்க வேண்டும் என்று மகன், மகள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். படிவத்தின் ஒரு பிரதி அவர்களிடமே இருக்க வேண்டும்.

சாவு வீட்டில் பாடுவதைக் குடும்பத்துப் பெரியவர் சொல்லாமல் பதியவே கூடாது. லுவோ ஊர்களில் நல்ல நியாத்தீத்தி அங்கேதான் கேட்கும் என்பது உண்மைதான். அதனால்தான் ஆசை வரும். புகூசு மக்களின் விருத்தசேதனப் பாட்டுகள் இரட்டைப்படை ஆண்டுகளின் ஆகஸ்டில், சடங்கு நேரத்தில் மட்டும் பாடப்படுபவை. காசு தருகிறேன், பிப்ரவரியில் பாடுங்கள் என்று கேட்காதீர்கள். பெண்களின் சடங்குப் பாட்டு எதையாவது பாடச் சொல்லுமுன் அது எந்தச் சடங்கு என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். பெண் உறுப்புச் சிதைப்பு 2011 சட்டப்படி குற்றம், அதைச் சுற்றிய பாட்டு உங்களையும் பாடுபவரையும் வம்பில் மாட்டும்.

8. இடம் பார்ப்பது

முதல் நாள் எதையும் பதியாமல், மைக்கை ரெக்கார்டரில் மாட்டி ஹெட்போனில் பத்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். காதுக்குப் பழகிப்போன சத்தம் ரெக்கார்டருக்குப் பழகாது. மக்காச்சோளம் அரைக்கும் டீசல் மில், போடா போடா மோட்டார் சைக்கிள், தேவாலய ஒலிபெருக்கி, சேவல். சேவல் விஷயத்தில் ஒன்றும் செய்ய முடியாது. மில்காரரிடம் பேசி ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லலாம், பெரும்பாலும் சரி என்பார்.

காலை 9 முதல் 12 வரை நல்ல நேரம். பொழுது சாய்ந்தால் சில்வண்டு, பிற்பகலில் மழை. தகரக் கூரை வீட்டுக்குள் ஒலி எதிரொலித்துக் கூர்மையாகிவிடும். மழை வந்தால் பதிவே இல்லை. கூரை வேய்ந்த மண்வீடு கிடைத்தால் அதைப் போல ஸ்டூடியோ வேறில்லை. இல்லையென்றால் வீட்டுச் சுவரும் வேலியும் காற்றை மறைக்கும் மூலையில், மரத்தடியில் வையுங்கள். எல்லோர் போனையும் விமானப் பயன்முறையில் போடச் சொல்லுங்கள். சாதாரண பட்டன் போனுக்கு அழைப்பு வரும் முன் எழும் ‘டட்-டட்-டட்’ கேபிளில் ஏறிவிடும். உங்கள் போனும் இதில் சேர்த்திதான்.

9. மைக் எங்கே

நியாத்தீத்தி: வாசிப்பவர் தரையோடு தரையாய் உள்ள சிறு முக்காலியில் அமர்வார். கால் பெருவிரலில் இரும்பு வளையம். அதால் கருவியின் மரச்சட்டத்தைத் தட்டித் தாளம் போடுவார். கணுக்காலில் சலங்கை. ஆகவே ஒரே ஆளிடமிருந்து நரம்பு, குரல், வளையம், சலங்கை என்று நான்கு ஒலி. நரம்புக்கு அளவு வைத்தால் வளையத்தின் தட்டு உச்சியில் முட்டி உடையும். வளையத்தைத் தட்டச் சொல்லி, அதற்கு மீட்டர் மைனஸ் 12 டெசிபெல்லைத் தொடும்படி வையுங்கள். நரம்பு மீட்டரில் எவ்வளவோ கீழே கிடக்கும், கிடக்கட்டும். ஸ்டீரியோ ஜோடியை 80 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டர் தூரத்தில், வாசிப்பவரின் மார்புக்குச் சற்றுக் கீழே, தோல் போர்த்திய குடத்தை நோக்கிச் சாய்த்து வையுங்கள். குரல் மேலிருந்து தானாக வந்து சேரும். வாய்க்கு நேரே வைத்தால் நரம்பு காணாமல் போகும். ஸ்டாண்டின் காலுக்கடியில் மடித்த போர்வை போடுங்கள். கால் தட்டுவது மண்தரை வழியாகவே ஏறும்.

நரம்பில் வரும் ‘ஙிர்ர்’ என்ற அதிர்வு பழுதல்ல. அதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். வீட்டுக்கு வந்து இரைச்சல் நீக்கும் மென்பொருளில் அதைத் துடைத்துவிட்டால் கருவியையே துடைத்ததுதான்.

ஓருத்து: வில் உரசும் இடத்துக்கு நேர் எதிரே வேண்டாம், 60 முதல் 80 சென்டிமீட்டர் தள்ளிப் பக்கவாட்டில். குழுவில் இரும்பு வளையம் தட்டுபவர் இருந்தால் அவரை இரண்டு மீட்டர் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். இல்லையென்றால் முழுப்பாட்டும் இரும்புதான்.

ஒபொகானோ: அடி நரம்பு மிகத் தாழ்ந்த ஒலி. ரெக்கார்டரில் தாழ் அதிர்வெண் வெட்டும் பொத்தானை அணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பலர் காற்றுக்காக அதை எப்போதும் போட்டே வைத்திருப்பார்கள், பதிவில் கருவியின் பாதி இருக்காது. பொத்தானை அணைத்தால் காற்று உறுமும், அதனால் உரோமத் தடுப்பு கட்டாயம்.

இசுகுட்டி: ஆடிக்கொண்டே நகர்வார்கள். 5, 6 மீட்டர் தூரம், 2 மீட்டருக்குமேல் உயரம். ஒத்திகையில் அடிப்பதை நம்பி அளவு வைக்காதீர்கள், ஆட்டம் சூடானதும் பத்து டெசிபெல் கூடும். நடுவில் விசிலும் ஊதுகொம்பும் வரும். ஆட்டம் முடிந்ததும் மூச்சு வாங்க நேரம் கொடுத்து, பெரிய முரசை மட்டும் ஒரு நிமிடம், நடுவதை ஒரு நிமிடம், சிறியதை ஒரு நிமிடம், பிறகு மூன்றும் சேர்த்து என்று தனியாகப் பதியுங்கள். தாளத்தை எழுத உட்காரும்போது இந்த நான்கு நிமிடம்தான் கைகொடுக்கும்.

எல்லாப் பதிவுக்கும் பொது: தொடங்கியதும் தேதி, ஊர், கருவி, பாடுபவர் பெயர், பாட்டின் பெயர் ஆகியவற்றை நீங்களே வாயால் சொல்லுங்கள். நரம்புக் கருவி என்றால் ஒவ்வொரு நரம்பையும் வரிசையாக இருமுறை மீட்டச் சொல்லுங்கள். பாட்டு முடிந்ததும் பதினைந்து விநாடி யாரும் அசையாமல் இருக்கட்டும். கடைசியில், ஆளில்லாத அந்த இடத்தின் வெறும் ஒலியை ஒரு நிமிடம்.

10. அன்றிரவே

கார்டை இரண்டு எஸ்எஸ்டிகளில் நகலெடுத்து, இரண்டையும் வெவ்வேறு பையில் வையுங்கள். இரண்டிலும் திறந்து கேட்டுப் பார்த்த பிறகும் கார்டை அழிக்காதீர்கள், வீடு திரும்பும்வரை கிடக்கட்டும். கோப்புப் பெயரில் ஆண்டு-மாதம்-நாள், ஊர், கருவி, எண் இருக்கட்டும்: ‘20270116_Siaya_Nyatiti_03’ என்கிற மாதிரி. கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தையே பயன்படுத்துங்கள், சில பழைய ரெக்கார்டர்களும் காப்பக மென்பொருள்களும் மற்ற எழுத்தைச் சிதைத்துவிடும். பாட்டின் பொருளையும் யாரிடம் கற்றார் என்பதையும் மறுநாளே கேட்டு எழுதுங்கள். ஊருக்குத் திரும்பியபின் போனில் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டவை எழுதப்படுவதே இல்லை.

11. பிரதியைத் திருப்பிக் கொடுப்பது

ஊரைவிட்டுக் கிளம்புமுன் எம்பி3 நகலை மைக்ரோ எஸ்டி கார்டிலோ பென்டிரைவிலோ கொடுத்துவிடுங்கள். போனிலும் மினிபஸ்ஸிலும் ஓடும். வாட்ஸப்பில் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். கோப்பிலேயே பாடகர் பெயரை எழுதிவையுங்கள். ராமோகி எஃப்எம், முலெம்பே எஃப்எம் போன்ற தாய்மொழி வானொலிகளுக்கு அவர்களே கொடுத்துப் போடச் சொல்வார்கள், அது அவர்கள் உரிமை. வேவ் கோப்புகளின் ஒரு தொகுதி இணைப்புப் பல்கலைக்கழகத்துக்கு. நாகோஸ்டிக்கு இறுதி அறிக்கை தர வேண்டும், தராமல் விட்டால் அடுத்த உரிமத்துக்கு அதுவே முட்டுக்கட்டை. தென்னாப்பிரிக்காவில் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஆப்பிரிக்க இசை நூலகத்துக்கும் கொடுக்கலாம், படிவத்தில் ‘காப்பகம்’ என்பதற்கு ஆமென்று இருந்தால்.

12. உகாண்டா, தான்சானியா

உகாண்டாவில் நெறிமுறைக் குழு ஒப்புதலுக்குப் பின் தேசிய அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தில் பதிய வேண்டும். வெளிநாட்டவருக்கு 300 டாலர் என்று திட்டமிடுங்கள். பிறகு மாவட்டத்தில் அதிபரின் பிரதிநிதி, ஊரில் எல்சி-1 எனப்படும் ஊர் மன்றத்தின் தலைவர். எல்சி-1 தலைவரின் முத்திரை இல்லாமல் ஊரில் எதுவும் நடக்காது. மஞ்சள் காய்ச்சல் சான்றிதழை நுழையும்போதே கேட்பார்கள். பூசோகா பகுதியின் எம்பைரே, குழி தோண்டி அதன்மேல் கட்டைகளை அடுக்கிப் பலர் சேர்ந்து அடிக்கும் பெரிய சைலஃபோன். மைக்கைக் குழிக்குள் விடாதீர்கள், வெறும் உறுமல்தான் கிடைக்கும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் நடுக்கட்டைகளைப் பார்த்து வையுங்கள். மக்கெரேரே பல்கலைக்கழகத்தில் இசைக் காப்பகம் இருக்கிறது, பிரதி அங்கே.

தான்சானியாவில் கோஸ்டெக் எனப்படும் அறிவியல் தொழில்நுட்ப ஆணையத்தின் ஆய்வு அனுமதி, அதை வைத்து ‘சி’ வகைக் குடியிருப்பு அனுமதி என்று இரண்டு கட்டணம். சான்சிபாருக்கு அந்தத் தீவு அரசின் அனுமதி தனி, பெருநிலத்துக் காகிதம் அங்கே செல்லாது. 100 டாலர் கிழக்கு ஆப்பிரிக்க விசா தான்சானியாவுக்கு இல்லை. பிளாஸ்டிக் பைக்கு இங்கும் 2019 ஜூன் முதல் தடை.

எந்த நாட்டிலிருந்தும் முரசு வாங்கி வர ஆசை வந்தால் தோலைப் பாருங்கள். உகாண்டாவின் நீள முரசு எங்கலாபிக்கு உடும்புத்தோல் போர்த்துவார்கள். ஓருத்துவிலும் அது இருக்கலாம். வனவிலங்குப் பொருளைச் சான்றில்லாமல் எடுத்துச்செல்வது கென்யாவில் பெரிய குற்றம், இந்தியச் சுங்கமும் விடாது. மாட்டுத்தோல், ஆட்டுத்தோல் கருவியாகக் கேட்டு வாங்குங்கள், செய்தவரிடம் என்ன தோல் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் பச்சைத்தோலாக அல்ல, நன்றாகக் காய்ந்து வாடை போனதாகப் பாருங்கள். கால்நடை நோய்த்தடுப்பு மேசையில் பெட்டியைத் திறக்கச் சொன்னால் முதலில் பார்ப்பது அதைத்தான்.